பின்னால் பிடித்த கை

“எவ்வளவு எடை தூக்குவே?”

ஆஸ்பத்திரியில் வேலை கேட்டுப் போன அன்று பெரிய சிஸ்டர் அவளிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை ஏன் விட்டாய் என்று துருவித் துருவிக் கேட்பார்கள் என்று பயந்து, பஸ்ஸில் வரும்போதே ஒரு பதிலை உருப்போட்டு வைத்திருந்தாள். அந்தப் பதில் வாயிலேயே தங்கிவிட்டது. அறை மூலையில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று இருந்தது. பேசுவதைவிட அது சுலபமாகப் பட்டதால், போய் அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நின்றாள். எங்கே இறக்கி வைப்பது என்று கேட்கவும் கூச்சமாக இருந்தது.

“போதும்மா, எறக்கு. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வந்துடு” என்றார் பெரிய சிஸ்டர்.

அதற்கு ஏழு வருஷம் ஆகிறது. அவள் வேலை பார்க்கும் வார்டில் இருபத்திரண்டு கட்டில்கள். எல்லாமே வயசாளிகள். இடுப்பு முறிந்தவர்கள், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டவர்கள், ஜன்னி வந்து தெளிந்த பிறகும் எழுந்திருக்க மறந்துபோனவர்கள். உடம்பைக் குளிப்பாட்டி, உடுத்தி, உட்கார வைத்து, நடக்க வைத்து, அவர்களை வெளியே அனுப்புவதுதான் அந்த வார்டின் வேலை. அனுப்ப இரண்டு இடம் உண்டு. ஒன்று வீடு, இன்னொன்று முதியோர் இல்லம். மூன்றாவதாக ஓர் இடமும் உண்டு. அதைத் தாளில் எழுதி யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

அவள் அதிகம் பேசமாட்டாள் என்பதால் வார்டில் அவளுக்குப் ‘பேசாமடந்தை’ என்று பெயர் விழுந்தது. நாளடைவில் அது தேய்ந்து வெறும் ‘மடந்தை’ ஆனது. அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

அந்த வார்டில் யார் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்கிறவர் பிசியோதெரபிஸ்ட். நோயாளிகள் அவரை நடைக்காரர் என்பார்கள். நோயாளியின் இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி, கையில் வாக்கரைக் கொடுத்துக் கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடக்கச் சொல்வார். நடைக்காரர் முன்னால் நின்று கால்களைப் பார்ப்பார். மடந்தை பின்னால் நின்று பெல்ட்டைப் பிடித்திருப்பாள். பின்னால் பிடித்திருக்கும் கையில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று முன்னால் நிற்பவருக்குத் தெரியாது. அவளோ வாயைத் திறக்கமாட்டாள். அதனால் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. நடை முடிந்ததும் அவர், “கை?” என்பார். ஒரு விரலைக் காட்டினால் கை சும்மா தொட்டுக்கொண்டிருந்தது என்று அர்த்தம். இரண்டு விரல் என்றால் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. மூன்று விரல் என்றால், ஆள் நடக்கவே இல்லை, பாரம் முழுக்க அவள் கையில்தான் இருந்தது. அவர் அதை அப்படியே தாளில் எழுதிக்கொள்வார். ஒரு விரலுக்கு வீடு. மூன்று விரலுக்கு இல்லம். இரண்டு விரலுக்கு இன்னும் ஒரு வாரம் பயிற்சி.

“எக்ஸ்ரே பொய் சொல்லும், இவ விரல் பொய் சொல்லாது” என்று புதிதாக வந்த டாக்டர்களிடம் அவர் பெருமையாகச் சொல்வார். அப்போதெல்லாம் அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போர்வை மடிப்பாள்.

பதினோராம் கட்டிலுக்கு வந்தவர் ஒரு பெரிய அலுவலகத்தில் முப்பத்திநாலு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். ஓட்டியது என்றால், உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பித்தானை அமுக்கியது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். நெடுநெடுவென்று உயரம், அகன்ற எலும்பு. படுத்தால் பாதம் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாய் மட்டும் ஓயாது. ரவுண்டு வரும் டாக்டரிடம், “சொல்லுங்க சார், நமக்கு மேலயா கீழயா?” என்பார். பத்தாம் கட்டில்காரர் போய்ச் சேர்ந்த காலையில், “அவரு ஏறிட்டாரு. நமக்கு இன்னும் கதவு தெறக்கல” என்றார்.

அவர் மனைவி தினமும் பதினோரு மணி பஸ்ஸில் சாப்பாட்டு டப்பாவோடு வந்துவிடுவார். கணவரின் மார்பு உயரம்கூட இல்லாத சின்ன உருவம். காலமெல்லாம் துணி தைத்துத் தைத்து மணிக்கட்டு வீங்கிய கைகள். டப்பாவின் மூடியைத் திறக்கவே மடந்தையிடம் நீட்டுவார்.

“முப்பத்திநாலு வருஷம் ஒக்காந்தே சம்பாதிச்ச மனுஷன். இப்ப வந்து நட நடன்னா எப்படிம்மா நடப்பாரு?”

“ஏன்டி, நீயும்தான் ஒக்காந்தே தச்சே.”

“நான் காலை மிதிச்சேன். மெஷினு தானா ஓடுச்சா?”

இப்படியே மணிக்கணக்கில் போகும். மடந்தை பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றுகிற சாக்கில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசிக்கொண்டு அவள் பார்த்ததில்லை.

ஐந்தாவது வாரம் மகன் வந்தார். இல்லம் ஒன்றில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது, வெள்ளிக்கிழமைவரை பிடித்து வைத்திருப்பார்கள் என்றார். ஊரின் மறுகோடியில், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம்.

“அங்க எனக்கும் கட்டில் உண்டாடா?” என்று கேட்டார் அம்மா.

“உங்களுக்கு எதுக்கும்மா? உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே.”

“ஒண்ணும் இல்லாதவங்கள சேக்க மாட்டாங்களா? அப்ப நானும் போய் எங்கயாச்சும் விழுந்துட்டு வரேன்.”

மகன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பொல்லாதவர் இல்லை, தூங்கிப் பல நாள் ஆன முகம். கடைசியில் நடைக்காரர்தான் நடுவில் புகுந்து, வியாழக்கிழமை நடக்க வைத்துப் பார்ப்போம், ஒரு கை தொட்டு நடந்தால் வீடு, இல்லாவிட்டால் இல்லம் என்றார்.

புதன்கிழமை காலை குளியல் அறையில், நாற்காலியில் உட்கார வைத்து முதுகு தேய்த்துக்கொண்டிருக்கும்போது லிஃப்ட்காரர் கேட்டார்.

“மடந்தை, நாளைக்கி என்னைக் கொஞ்சம் தூக்கிப் புடி.”

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“உனக்குத் தெரியும் நான் எப்படி நடக்கறேன்னு. அந்த ஆளுக்குத் தெரியாது. ஒரு நாள் தூக்கிப் புடிச்சா போதும். வீட்டுக்குப் போயிட்டா நடந்துடுவேன். இங்க தரை பளபளன்னு இருக்குது, எல்லாரும் காலையே பாக்கறாங்க, அதான் வர மாட்டேங்குது. என் வீட்டுத் தரைக்கு என் காலைத் தெரியும்.”

அவள் வெந்நீரை மொண்டு ஊற்றினாள்.

“நாப்பத்தாறு வருஷம்” என்றார் அவர். வழக்கமான கிண்டல் குரலில் இல்லை. “அங்க போய் யாருகிட்ட நான் வாயாடுவேன்? வாயை மூடிக்கிட்டுச் சாவறதுக்கு அவ்ளோ தூரம் போகணுமா?”

துண்டால் தலையைத் துவட்டி, சட்டையை மாட்டிவிட்டாள். முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததை அவர் தனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மனைவி ஜன்னலோரம் நாற்காலியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகன் சுவரில் சாய்ந்து நின்றார். மடந்தை பெல்ட்டைக் கட்டி, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து இறுக்கிப் பிடித்தாள். எழுந்து நிற்கும்போதே தெரிந்துவிட்டது. வலது கால் தரையைத் தொட்டதே தவிர ஊன்றவில்லை. ஒவ்வோர் அடிக்கும் அந்தப் பெரிய உடம்பு அவள் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. அவள் முழங்கையை விலாவோடு அணைத்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், அவரைத் தரையிலிருந்து ஒரு நூல் அளவு மேலே தூக்கியபடியே பன்னிரண்டு அடி நடத்திப் போய், பன்னிரண்டு அடி திருப்பிக் கொண்டுவந்தாள். முன்னாலிருந்து பார்க்க, ஓர் ஆள் நிதானமாக நடப்பது போலத்தான் இருந்தது.

“கை?” என்றார் நடைக்காரர்.

அவள் ஒரு விரலைக் காட்டினாள்.

அவர் எழுதிக்கொண்டார். மனைவி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதார். மகன்கூடச் சிரித்துவிட்டார்.

வீட்டில் பிடிக்கப் போகிறவருக்கு ஒரு நாள் பிடித்துப் பழகக் கொடுப்பது வழக்கம். வெள்ளிக்கிழமை மனைவி பெல்ட்டின் இடப் பக்கத்தைப் பிடித்தார். மடந்தை வலப் பக்கத்தில் கையைப் பெல்ட்டில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டு, விழுந்தால் பிடிக்க மட்டும் கூடவே நடக்க வேண்டும், அதுதான் முறை. அவர் எழுந்ததும் அவள் கை தானாகப் பெல்ட்டுக்குள் போய்விட்டது. நாலு அடி போனதும் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். இப்போது சொல்லிவிட்டால்கூட ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்றும் நினைத்தாள். ஆனால் கையை எடுத்தால் அந்த நொடியே அவர் அந்தச் சின்ன உருவத்தின்மேல் சரிவார். எடுக்க முடியவில்லை. வாயைத் திறந்தாலோ கையை விட வேண்டியிருக்கும் என்பதுபோல இரண்டையும் இறுக்கி வைத்துக்கொண்டே ஜன்னல்வரை போனாள்.

“என்னம்மா இது, பஞ்சு மாதிரி இருக்காரு” என்றார் மனைவி. “நான் என்னமோன்னு ராத்திரியெல்லாம் பயந்துகிட்டு இருந்தேன்.”

லிஃப்ட்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து அழைத்துப் போனார்கள். வீடு முதல் மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு படியேறியபோது, “ஊரையே மேல ஏத்தி விட்டவன்யா நான், பாத்துத் தூக்குங்க” என்று அவர் அதிகாரம் பண்ணியதாக டிரைவர் வந்து சொல்லிச் சிரித்தார். மடந்தைக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுத் தரை அவர் காலை அடையாளம் கண்டுகொள்ளும் என்று அவளும் நம்பத் தொடங்கியிருந்தாள்.

ஒன்பது நாள் அவர் வீட்டில் இருந்தார்.

பத்தாம் நாள் மாலை அவரை ஸ்டிரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கூடவே வலது கையில் மாவுக்கட்டோடு மனைவி. காலையில் கழிப்பறையிலிருந்து கட்டிலுக்குக் கூட்டி வரும்போது அவர் அப்படியே மடங்கியிருக்கிறார். மனைவி விடாமல் பிடித்திருக்கிறார். விட்டிருந்தால் அவர் மட்டும் விழுந்திருப்பார். விடாததால் அவர் அடியில் மனைவியின் கை சிக்கி முறிந்தது. இருவரும் இடைகழியில் கிடந்திருக்கிறார்கள், ஐந்து மணி நேரம். பிற்பகல் கீழ்வீட்டுக்காரர் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று வந்து கதவைத் தட்டும்வரை. குளிர்ந்த தரையில் அவ்வளவு நேரம் கிடந்ததில் அவர் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. தொடையில் ஒரு பக்கம் தோல் கறுத்துப் போயிருந்தது.

மறுநாள் நடைக்காரர் பழைய தாளை எடுத்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

“அன்னைக்கு ஒண்ணுதானே காட்டினே?”

அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அவள் விரல்மேல் இருந்த நம்பிக்கையில், சும்மா சரிபார்க்கக் கேட்டார். அதனால்தான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. வேலை போய்விடும். ஒன்பதாம் வகுப்பு படித்தவளுக்கு வேறு எந்த வாசலில் எந்தத் தண்ணீர் கேன் காத்திருக்கிறது? தலையை ஆட்டினாள். ஒன்று.

அவர் எழுதியதை அவள் பின்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். ‘நோயாளி ஒரு கை தொட்டு நடக்கும் நிலையில் அனுப்பப்பட்டார். வீட்டில் பராமரிப்பவர் பிடித்த முறை சரியில்லை.’

அந்த வரி மகன் கைக்கும் போயிற்று. வார்டின் நடைபாதையில் அவர் அம்மாவிடம் தணிந்த குரலில்தான் பேசினார். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது.

“அன்னைக்கே சொன்னேன் இல்லம்மா, உங்களால முடியாதுன்னு. பஞ்சு மாதிரி இருக்காருன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க பாருங்க.”

“தப்புதான்டா” என்றார் அம்மா. “நான்தான் சரியா புடிக்கல. பாவி நான்.”

லிஃப்ட்காரர் இப்போது யாரையும் மேலயா கீழயா என்று கேட்பதில்லை. மூன்றாம் நாள் மடந்தை அவர் வாயைத் துடைத்துவிடும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவகிட்ட சொல்லிடாத.”

“அவங்க தன்னையே திட்டிக்கறாங்கய்யா” என்றாள். அவரிடம் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

“திட்டிக்கட்டும். ரெண்டு நாள்ல ஓஞ்சிடுவா. நான் ஏமாத்துனேன்னு தெரிஞ்சா என்னைப் பாக்கவே வர மாட்டா. அவளைப் பத்தி உனக்குத் தெரியாது.”

இல்லத்தில் வேறொரு கட்டில் காலியானது. நெஞ்சுச் சளி குறைந்ததும் அங்கே அனுப்ப முடிவாயிற்று. வண்டியில் கூடப் போய் விட்டுவிட்டு வர பெரிய சிஸ்டர் மடந்தையை அனுப்பினார். மகன் பணம் கட்டிக் கையெழுத்துப் போட முன்னாலேயே போய்விட்டிருந்தார். வண்டியில் ஸ்டிரெச்சருக்கு ஒரு பக்கம் மனைவி, இன்னொரு பக்கம் அவள். வழியெல்லாம் மனைவி, இடது கையால் தன் இடுப்புச் சேலையைப் பற்றி முறுக்கி, விட்டு, மறுபடியும் பற்றிக்கொண்டே வந்தார். என்ன செய்கிறார் என்று அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. பெல்ட் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

இல்லத்து அறை சின்னது, சுத்தமாக இருந்தது. இரண்டு கட்டில், இரண்டு அலமாரி, பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்க்கும் ஒரு ஜன்னல். மற்றக் கட்டில்காரர் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போயிருந்தார். லிஃப்ட்காரரைக் கட்டிலில் மாற்றிப் போட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பாதம் இங்கேயும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மடந்தை அலமாரியைத் திறந்து, அவர் துணிப்பையை எடுக்கப் போனாள்.

“வேணாம்மா, பையிலேயே இருக்கட்டும்” என்றார் மனைவி. “ஆறு வாரம்தானே. கட்டைப் பிரிச்சதும் கூட்டிட்டுப் போயிடுவேன்.”

அவள் கை பையின்மேலேயே நின்றது.

“மகன் சம்மதிக்க மாட்டான். அவனை நான் பாத்துக்கறேன். நீ எனக்கு ஒண்ணு மட்டும் பண்ணும்மா. அந்தப் புடியை இன்னொரு தடவை காட்டிக் குடு. நீ புடிச்சா நிக்கறாரு. நான் புடிச்சா நிக்கல. அப்ப என் கையிலதானே கோளாறு? எங்க தப்பு பண்றேன்னு மட்டும் சொல்லு. வெரலை உள்ள விட்டுப் புடிக்கணுமா, வெளிய விட்டா? நான் தெனம் யோசிச்சுப் பாக்கறேன், எனக்குப் புரியவே மாட்டேங்குது.”

ஆறு வாரம் கழித்து அதே இடைகழி. அதே இரண்டு பேர். மடந்தைக்கு அது கண்முன்னால் தெரிந்தது. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பிய்த்தெடுத்தாள்.

“உங்க கையில கோளாறு இல்லம்மா.”

“பின்ன?”

“அவர் நடக்கல. அன்னைக்கு நடைக்காரர் சார் முன்னாடி... அவர் நடக்கவே இல்ல. நான் பின்னால இருந்து தூக்கிட்டுப் போனேன். மறுநாள் நீங்க புடிச்சீங்களே, அப்பவும் நான் கையை எடுக்கல. பஞ்சு மாதிரி இருக்காருன்னு சொன்னீங்க. அது அவர் இல்ல. நான்.”

மனைவி குனிந்து தன் கையின் மாவுக்கட்டைப் பார்த்தார்.

“சார் ரெண்டு தடவை கேட்டாரு. ரெண்டு தடவையும் பொய் சொல்லிட்டேன். தாள்ல உங்க மேல எழுதியிருக்கு. அது தப்பு. போய் மாத்தச் சொல்றேன். உங்க மகன்கிட்டயும் சொல்றேன்.” இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. “இனிமே அவரை யாரு புடிச்சாலும் நிக்க மாட்டாரும்மா. நான் புடிச்சாலும்.”

தான் அவ்வளவு பேசியதே அவளுக்கு வேறு யாரோ பேசியதுபோல் இருந்தது. தூக்கிப் பிடிக்கச் சொன்னவர் லிஃப்ட்காரர்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. மனைவி கட்டில் பக்கம் திரும்பினார். லிஃப்ட்காரரின் கண் மூடித்தான் இருந்தது. ஆனால் தூங்குகிறவர் கண்ணை அப்படி இறுக்கி மூடுவதில்லை, இமைகள் நடுங்கின. நாற்பத்தாறு வருஷம் பக்கத்தில் படுத்தவருக்கு, அது தூக்கமா இல்லையா என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நடைபாதையில் யாரோ தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. மடந்தை திட்டுக்காகக் காத்திருந்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

மனைவி பையை இடது கையால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஜிப்பைப் பல்லால் கடித்துத் திறந்தார். மடந்தை உதவிக்கு ஓர் அடி எடுத்து வைத்தாள். அவர் முழங்கையால் விலக்கினார். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டில் விளிம்பில் வைத்து, ஒற்றைக் கையால் நீவி மடித்து, அலமாரியின் மேல்தட்டில் அடுக்கினார். வேட்டிகள். உள்ளாடைகள். கண்ணாடிக் கூடு. சீப்பு. துவாலையைக் கட்டில் கம்பியில் போட்டார். கடைசியாகக் காலிப் பையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

லிஃப்ட்காரர் இப்போது கண்ணைத் திறந்திருந்தார். “ஏய்” என்றார், மிக மெதுவாக.

அவர் மனைவி அலமாரிக் கதவைச் சாத்தினார். தாழ் விழுந்திருக்கிறதா என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு கட்டிலையும் பார்க்காமல், அவளையும் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல் அறையைவிட்டு வெளியே போனார்.